ஏழாவது வரி

பயிற்சி முடித்து நிலையங்களுக்குப் போகவிருக்கும் புதிய தீயணைப்பாளர்களுக்காக ஒரு சிறப்பு மலர் தயாராகிறது. ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று ஆடி முதல் வாரத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் வேலை பார்த்ததையும் என் காபிப் பைத்தியத்தையும் கேள்விப்பட்டிருந்தார்.

"கிணத்துக் கதை ஒண்ணு, காபிக் கதை ஒண்ணு. ரெண்டையும் கலந்து ஜாலியா எழுதிக் குடுத்துடுங்க சார். பசங்க சிரிச்சிக்கினே படிக்கணும்" என்றார்.

இரண்டையும் கலந்துதான் எழுதியிருக்கிறேன். சிரிக்கும்படி எழுத முடியவில்லை.

தேதி இல்லாமல் எனக்கு எழுத வராது. ஆனாலும் இதில் ஆண்டுகளை விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பங்கள் அதே இடங்களில் இருக்கின்றன. கிழமையும் நேரமும் என் நோட்டுகளில் இருப்பது போலவே இருக்கும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஒன்றைத் தவிர.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், ஏணி ஏறினோம், குழாய் சுருட்டினோம். புகையின் நிறத்தை வைத்து எது எரிகிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். மீதியை நான் கற்றது நிலைய அலுவலர் தேவராஜன் ஐயாவிடம்.

ஒல்லியான மனிதர். குரல் எழும்பாது. கடைநிலை ஊழியரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். எந்த உத்தரவும் கொடுக்கும் முன் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்து, மாட்டிக்கொண்டு, பிறகுதான் வாய் திறப்பார். வைக்கோல் போர் எரிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கும்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. பகல் 11.40க்கு அழைப்பு. ரிஷிவந்தியத்துக்குத் தெற்கே ஒரு கொல்லையில் பாழ்கிணறு. ஆட்டுக்குட்டி ஒன்று விழுந்துவிட்டது. எடுக்கப் போன அண்ணன் சத்தமில்லாமல் சரிந்தான். அவனைத் தூக்கத் தம்பி போனான். அவனைத் தூக்கப் பக்கத்து நிலத்துக்காரர் போனார். நாங்கள் 12.15க்குச் சேர்ந்தபோது மூன்று பேரும் உள்ளே. நான் வேலைக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

"கை ஆடுதுய்யா! உசுரு கீதுய்யா! எறங்குங்கய்யா!"

"வேடிக்க பாக்கவாடா இம்மாம் பெரிய வண்டிய எட்த்துக்கினு வந்தீங்க?" இது ஒரு பெண்ணின் குரல். இறந்தவர்களில் இருவருக்கு அவர் தாய் என்பது பிறகு தெரிந்தது.

எட்டிப் பார்த்தேன். மூவரில் மேலே கிடந்தவரின் கை உண்மையிலேயே அசைந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விளிம்புக்குப் போனேன். பின்னாலிருந்து என் இடைவாரை ஒரு கை பிடித்தது.

"எங்க போறீங்க?"

"ஐயா, கை ஆடுது."

"பாத்தேங்க. முதல்ல விளக்கு போய்ட்டு வரட்டும்."

அன்று எங்களிடம் மூச்சுக் கருவி கிடையாது. முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும் ஓர் அரிக்கேன் விளக்கும்தான். திரியை ஏற்றி, கயிற்றில் கட்டி, முடிச்சை வாய்விட்டு எண்ணியபடி நான்தான் விட்டேன். ஒன்பதாவது முடிச்சில் சுடர் குட்டையானது. பதினொன்றில் அணைந்தது. அந்த மனிதர் கிடந்தது பத்தொன்பதாவது முடிச்சில்.

புங்கங்கிளைகளை வெட்டிப் பெரிய தழைக்கட்டாகக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அடிக்காற்றைக் கலைத்தோம். குழாயால் தண்ணீரைத் தூறலாகப் பீய்ச்சினோம். இரண்டாவது முறை விளக்கு பதினான்காவது முடிச்சு வரை எரிந்தது. மூன்றாவது முறை அடி வரை. அதற்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அந்த இருபத்திரண்டு நிமிடமும் கூட்டம் எங்களைத் திட்டியது. ஒருவர் ஐயாவின் முகத்தில் மண்ணை எறிந்தார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகுதான் "இப்ப எறங்குங்க" என்றார். நான் போய் மூவரையும் ஏற்றினேன். ஒருவருக்கும் உயிர் இல்லை.

மாலை அறிக்கை எழுதினேன். 'தீயணைப்பாளர் கயிற்றின் உதவியுடன் கிணற்றில் இறங்கி' என்ற இடத்தில் ஐயா சிவப்புக் கோடு போட்டார்.

"இது தப்புங்க."

"இன்னா தப்பு ஐயா? எறங்கினேன் இல்ல?"

"எறங்கினீங்க. அதுக்கு மேல் வரியில விளக்கு எங்க?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே ஐயா."

"உங்களுக்குத் தெரியும். நாளைக்கு இத எடுத்துப் படிக்கறவனுக்கு? 'இறங்கி'ன்னு ஒரு வார்த்தைய எழுதுனா, அதுக்கு மேல் வரியில விளக்கு எரியணும். எரியலன்னா அந்த வார்த்தையே வேணாம்."

எழுந்து போகும்போது, நான் கேட்காமலே, "மூணு பேருங்க. நாலு ஆயிருக்கலாம். என் கையில இருந்தது அவ்ளோதான்" என்றார்.

அந்த விதியை நான் பணிக்காலம் முழுவதும் விடவில்லை. நானே அறிக்கைகளைத் திருத்தும் இடத்துக்கு வந்தபோது, விளக்கு இல்லாத 'இறங்கி'களை எல்லாம் சிவப்பால் அடித்தேன். முருகவேல் என்று ஒரு தீயணைப்பாளர் என்னிடம் அதிகம் அடி வாங்கியவர். என் கையெழுத்து அவருக்குக் கனவிலும் வரும் என்பார்.

காபி அந்தக் கிணற்றிலிருந்துதான் வந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்தக் கிணற்றின் அழுகல் வாடை என் மூக்கை விட்டுப் போகவில்லை. சோற்றிலும் அதுதான், சோப்பிலும் அதுதான். சனிக்கிழமை காலை என் மனைவி சரோஜா, கல்வராயன் மலையிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய பச்சைக் காபிக்கொட்டையை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தாள். பாதி கருகல், பாதி பச்சை. ஆனால் அந்தப் புகை ஏறியதும் வாடை போய்விட்டது. அடுத்த வாரம் நானே வறுத்தேன்.

பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய எவர்சில்வர் பால் கேனில் துளை போட்டு, நடுவே கம்பி கொடுத்து, சைக்கிள் சங்கிலியால் சுற்றும் உருளை ஒன்று செய்தேன். கடுகு பொரிவது போல் முதல் வெடிப்பு கேட்டதும் நொடிகளை எண்ணுவேன். பத்து நொடி முன்னால் இறக்கினால் புளிப்பு, பத்து நொடி பின்னால் இறக்கினால் கசப்பு. முறத்தில் கொட்டி, விசிறி வைத்து ஆற்றி, தட்டானிடம் வாங்கிய தராசில் நிறுத்து, ஃபில்டரில் வெந்நீரை மூன்று தவணையாக ஊற்றுவேன். முதல் டிகாஷன் எத்தனை நிமிடத்தில் சொட்டத் தொடங்கியது என்று குறிப்பேன். நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். பிற்பாடு கைபேசியில் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். விருந்தாளி யாராவது சிக்கரி கலந்த காபி நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டால் அவரிடம் அரை மணி நேரம் பேசுவேன்.

"ஊர் நெருப்ப எல்லாம் அணைச்சிட்டு வந்து வூட்ல பத்த வைக்கிறாரு" என்பாள் சரோஜா. "வூடா இது, சுடுகாடா? எப்பப் பாத்தாலும் பொக!"

"மூணு நாள்ல ருசி வரும் பாரு."

"மூணு நாளா? ஒரு வாய் காபிக்கு மூணு நாள் காத்துக்கினு கெடக்கறதுக்கு நான் பச்சத் தண்ணியே குடிச்சிக்கறேன்."

அந்த மூன்று நாளுக்குக் காரணம் உண்டு. வறுத்த கொட்டைக்குள் வாயு தங்கும். மெல்ல வெளியே வரும். புதிதாக வறுத்ததைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, மறுநாள் திறந்து, எரியும் தீக்குச்சியை வாய்க்குள் விட்டால் சட்டென்று அணைந்துவிடும். வாயு வெளியேறிப் பழசாகிப்போன கொட்டையில் குச்சி எரியும். என் காபி நோட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பே 'குச்சி'. 'அணைந்தது' என்றால் கொட்டையில் உயிர் இருக்கிறது, நல்லது. 'அணையவில்லை' என்றால் செத்துவிட்டது.

நிலையத்திலும் இதை வித்தை போல் செய்து காட்டினேன். குச்சி அணைந்ததும், "இன்னா சார், காபிலயும் விஷவாயுவா?" என்றார் முருகவேல். எல்லோரும் சிரித்தார்கள். "இது வாசன வாயுய்யா" என்று நானும் சிரித்தேன். பக்கத்து மேசையில் நிலையத்தின் அழைப்புப் பதிவேடு இருந்தது. அதிலும், கிணற்றில் விட்ட விளக்கைப் பற்றி, 'அணைந்தது' என்று நான் எழுதியிருந்தேன்; அங்கே அதற்கு 'இறங்காதே' என்று பொருள். ஒரே கை, ஒரே சொல், இரண்டு நோட்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வை போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கொட்டைக்காக மலைக்குப் போகத் தொடங்கினேன். கரியாலூரைத் தாண்டி, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்தால் அண்ணாமலையின் கொல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். பலாவுக்கும் சில்வர் ஓக்குக்கும் அடியில் காபிச் செடி, மரத்தில் மிளகுக்கொடி, சரிவில் மரவள்ளி. பழத்தைச் செங்காயோடு சேர்த்து உருவி, வெறுந்தரையில் காயப்போடுவார். ஒரு தை மாதம், பழுத்ததை மட்டும் தனியே பறித்துத் தரச் சொல்லி, நானே காயவைத்து வறுத்து, டிகாஷன் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார். "இன்னா சார், இத்துல பலாப்பழம் கிலாப்பழம் போட்டீங்களா?"

"ஒண்ணும் போடல. உன் காபிதான் அண்ணாமலை."

"எங்க வூட்டு காபியா? எங்க வூட்டு காபில புழுதி வாசனதான வரும்!"

அவர் மனைவி பூங்கொடியைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு வாய் கொடுத்தார். "பாரு, நம்ம கொல்ல இன்னா பேசுதுன்னு பாரு" என்றார். கீழே போனால் அவர் காபி மற்ற மலைக் காபியோடு ஒரே சாக்கில் கொட்டப்பட்டுவிடும். இது இன்னாருடைய கொல்லைக் காபி என்று யாராவது ஒருவன் குடித்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த டம்ளரோடு அவருக்குள் புகுந்த ஆசை. எனக்கும் ஓர் ஆசை இருந்தது. காற்றுப் புகாமல் மூடி வைத்துப் பழத்தை நொதிக்கவிட்டால் காபிக்கு ஒயின் போல ஒரு ருசி வரும் என்று படித்திருந்தேன். இந்த மாவட்டத்தில் யாரும் செய்யாத காபி என் நோட்டில் இருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு தையில், பழத்தை ஊற வைக்க ஏனம் தேடினோம். அவர் வீட்டுக்குப் பின்னால், கழிப்பறைக்கென்று வெட்டி ஆறு சிமெண்ட் உறை விட்டு, மேலே கட்டாமலே கிடந்த குழி ஒன்று இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் ஆழம். ஒருநாளும் புழங்காதது. குளிர்ச்சியாக இருந்தது. 'இதுதான்' என்றேன்.

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கக்கூசுக் குழில காப்பி ஊற வச்சா எவன் சார் குடிப்பான்?"

"நீ ஒருநா கூட அதுல குந்தலயே, அப்பறம் எப்டிடீ அது கக்கூசு?" என்றார் அண்ணாமலை.

"பேரு வச்சாச்சி இல்ல?"

"இனிமே காப்பிக் குழின்னு பேரு. சார் சொல்லிட்டாரு."

அங்கேயே என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, செய்முறையை எண் போட்டுப் பதினோரு வரியில் எழுதினேன். குழியைக் கழுவுவது, தார்ப்பாய் விரிப்பது, பழத்தை நசுக்கிக் கொட்டுவது, பலகையால் மூடி விளிம்பைக் களிமண்ணால் பூசுவது. நான்காவது வரி: 'மூடியில் ஓர் ஊசித்துளை விடவும், வாயு வெளியேற வேண்டும்.' வாயு என்ற சொல்லை நானே எழுதியிருக்கிறேன். ஆறாவது வரி: 'ஐந்தாம் நாள் காலை திறந்து, பழ வாசனை வருகிறதா என்று பார்க்கவும், மேலே உள்ளதை வாளியால் எடுக்கவும்.' ஏழாவது வரி: 'பிறகு குழியில் இறங்கி, அடியில் உள்ளதையும் வீணாக்காமல் அள்ளவும்.'

உரக்கப் படித்துக் காட்டினேன். அண்ணாமலை எழுத்துக் கூட்டிப் படிப்பவர். தாளை மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை குழியை நிரப்பினார். வெள்ளிக்கிழமை திறக்க வேண்டும். முதல் பேருந்துக்கே வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். அதைப் பிடித்திருந்தால் எட்டரைக்கெல்லாம் அங்கே இருந்திருப்பேன். என் காபி நோட்டில் அன்றைய பதிவு இருக்கிறது: 'வெள்ளி, காலை 5.50. முதல் வெடிப்பு 9 நிமிடம் 20 நொடி. இறக்கியது 11 நிமிடம் 5 நொடி. நிறம் சீராக இல்லை. மீண்டும் ஒரு முறை.' அந்த மீண்டும் ஒரு முறைக்காக அடுத்த பேருந்தில் போனேன்.

கொல்லை வரப்பில் கால் வைத்தபோது 9.40. பூங்கொடியின் கூச்சல் கேட்டது. பொருள் புரியாத ஒரே சத்தம். ஓடினேன். பலகை திறந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு கூடை நிறையச் சிவந்த பழம். குழிக்குள் மூங்கில் ஏணி. அதன் அடியில், முழங்கால் அளவு பழத்தில் அண்ணாமலை குப்புறக் கிடந்தார். கூப்பிடக் கூப்பிடப் பேசவில்லை என்று பூங்கொடி கத்த, பூங்கொடியின் தம்பி சின்னராசு அப்போதுதான் மரவள்ளிக் கொல்லையிலிருந்து ஓடிவந்து ஏணியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"நில்லு!" என்று கத்தினேன். நிற்கவில்லை. பின்னாலிருந்து லுங்கி முடிச்சைப் பிடித்து இழுத்து, அவர் மேலேயே விழுந்தேன்.

"உடுய்யா! எங்க மாமாய்யா! தோ கெடக்கறாரு, கை எட்டற தூரம்யா!"

"எறங்கினா நீயும் கெடப்ப. போன மனுசன் சத்தம் போட்டாரா? போடல. காத்து இல்ல உள்ள."

"நீ யாருய்யா சொல்றதுக்கு!" முழங்கையால் என் வாயில் குத்தினார். ஒரு பல் அன்று போனது.

"சார், அவன உடுங்க சார்," என்று பூங்கொடி என் காலைப் பிடித்தார். "அவரு மூச்சு உடறாரு சார், முதுவு அசையுது சார்."

நானும் பார்த்தேன். அசைந்தது போலத்தான் இருந்தது. என் இடைவாரைப் பிடிக்க யாரும் இல்லை. கழற்றித் துடைக்க எனக்குக் கண்ணாடியும் இல்லை. ஒரு டம்ளரைக் கயிற்றில் கட்டி, அதற்குள் தீக்குச்சிகளைச் செருகிக் கொளுத்தி விட்டேன். மூன்றாவது உறைக்குக் கீழே அணைந்தது. பாட்டில் வாயில் எத்தனையோ முறை பார்த்த அதே அணைவு.

கைபேசி சரிவின் மேலேதான் எடுக்கும். பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர் நிலையத்துக்குச் சொல்ல ஓடினார். வண்டி மலை ஏறி வர ஒரு மணி நேரமாவது ஆகும். சின்னராசுவைப் பலாக்கிளை வெட்டச் சொன்னேன். வெட்டுவதற்கு ஒரு வேலை கிடைத்ததும்தான் அவர் என்னை விட்டார். தழைக்கட்டைக் கயிற்றில் கட்டினோம். முதலில் நான் ஏற்றி இறக்கினேன். ஐந்து நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பூங்கொடி கயிற்றை வாங்கிக்கொண்டார். கணவர் கிடந்த குழிக்கு மேல் நின்று, அவர் முதுகில் இலை படாமல், ஏற்றி இறக்கினார். வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டே இருந்தார். நான் குடத்துத் தண்ணீரைக் கையால் தெளித்தேன். துரட்டியை விட்டு அவர் சட்டைக் காலரை மாட்டித் தூக்கிப் பார்த்தோம். தலை சற்று எழுந்தது, சட்டை கிழிந்தது, முகம் மறுபடி பழத்துக்குள் போனது.

ஒன்பதாம் நிமிடம் குச்சி நான்காவது உறையில் அணைந்தது. பதினாறாம் நிமிடம் ஐந்தாவதில். இருபத்தைந்தாம் நிமிடம் அடி வரை போய் எரிந்தது. எரிந்தபடியே அதை மேலே இழுத்துப் பார்த்துவிட்டு, சின்னராசுவின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, "இப்ப எறங்கு" என்றேன்.

அண்ணாமலையை மேலே கொண்டுவந்தபோது வலது கை மூடியிருந்தது. அதற்குள் பழம் இருந்தது. நாடி இல்லை. வண்டி 10.55க்கு வரும் வரை நானும் சின்னராசுவும் மாறி மாறி மார்பை அழுத்தினோம். முருகவேல்தான் வந்திருந்தார். அவர் என் தோளைத் தொட்டு என்னை எழுப்பினார்.

பிறகு போலீஸ் விசாரணை. ஏன் குழிக்குள் போனார் என்று கேட்டார்கள். காபி ஊற வைத்திருந்தார் என்று யாரோ சொன்னார்கள். அப்படியே எழுதிக்கொண்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாறாக, கூட்டத்தில் ஒருவர் என் கையைப் பிடித்து, "சார் மட்டும் அந்த நேரத்துல வரலன்னா ரெண்டு பொணம் சார்" என்றார். நான் பேசாமல் நின்றேன். வாயில் ரத்தம் இருந்ததால் பேசவில்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

கிழிந்த சட்டையின் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தவர் முருகவேல். பிரித்தார். முதல் வரியிலேயே கையெழுத்து அவருக்குத் தெரிந்திருக்கும். கடைசி வரை படித்தார். நடுவில் ஓரிடத்தில் கண் நின்றதை நான் பார்த்தேன். எந்த இடம் என்று அவர் சொல்லத் தேவையில்லை; அங்கே சிவப்புக் கோடு போட அவருக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். மடித்தார். வண்டிக்கு மறைவில் வந்து என் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவே இல்லை. நான் அதை வாங்கியிருக்கக் கூடாது. வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தேன். அந்த ஆறு மாதத்தில் ஒரு கொட்டை வறுக்கவில்லை. சரோஜா ஒரு நாள், "பொகையே இல்லாம வூடு ஒரு மாரி கீது" என்றாள். உருளையைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். அதனால் ஒன்றும் தீரவில்லை.

அப்போதுதான் இந்த மலருக்காகத் தொலைபேசி வந்தது. உங்களுக்கு எழுதுவது என்றால் இதைத்தான் எழுத வேண்டும். இது அச்சில் வரும் முன் பூங்கொடி என் வாயால் கேட்டாக வேண்டும்.

ஆடி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை போனேன். குழியை மண் போட்டு மூடியிருந்தார்கள். பூங்கொடி மிளகுக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னார். சின்னராசு என்னைப் பார்த்ததும் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். தாளை எடுத்தேன். இது என்ன தாள் என்று சொல்லிவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். ஆறு வரி படித்தேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

"'பிறகு குழியில் இறங்கி, அடியில் உள்ளதையும் வீணாக்காமல் அள்ளவும்'," என்றார் பூங்கொடி, மிளகிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏழாவது. எனக்குத் தெரியும் சார். அந்த நாலு நாளும் அவரு இத்தையே பாட்டு மாரி சொல்லிக்கினு இருந்தாரு. எனக்கும் வந்துட்ச்சி. கயிறு இழுக்கறப்பகூட அத்ததான் சொல்லிக்கினு இருந்தேன், ஒண்ணுலேந்து பதினொண்ணு வரைக்கும். எது தப்பாப் போச்சின்னு."

நான் தாளை மடிமேல் வைத்தேன்.

"நீங்க எப்ப வந்து சொல்வீங்கன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

தேவராஜன் ஐயாவைப் பற்றி, கிணற்றைப் பற்றி, விளக்கைப் பற்றி, பாட்டிலில் குச்சி அணைவதைப் பற்றி எல்லாம் சொன்னேன். இதை அச்சில் போடலாமா என்று கேட்டேன். எல்லார் பெயரையும் மாற்றிவிடுவேன் என்றேன்.

"அவரு பேர மாத்தாதீங்க. அவரு கொல்லை காப்பின்னு பேரு வரணும்னு ஆசப்பட்டாரு. இப்டியாச்சும் வரட்டும்."

சற்று நேரம் காம்பு கிள்ளினார். பிறகு கேட்டார்.

"குச்சி அணைஞ்சா எறங்காத. இவ்ளோதான சார் அது?"

"இவ்ளோதான்."

"சின்னராசுகிட்ட சொன்னீங்களே. கெட்டியா புட்ச்சிக்கினு சொன்னீங்களே."

"ஆமாம்மா."

"பதினோரு வரி எழுதினீங்க. இத்துக்கு எடம் இல்லியா?"

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாளை என்னிடமிருந்து வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் எழுத்து அடி வரை நெருக்கமாக நிறைந்திருந்த பக்கத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு திருப்பினார். பின்பக்கத்தில் ஓர் எழுத்தும் இல்லை.